குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய பிறகு மேல்முறையீடு செய்ய வழி உண்டா?

பொருநைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பியின் பொருட்டு இந்த இழையைத் தொடங்குகிறேன். 2024 ஆகஸ்டில் அவன் ஓட்டிச் சென்ற இருசக்கர வாகனம், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் மீது மோதியது. நெற்றியில் தையல் போடும் அளவுக்கு அவருக்குக் காயம். எலும்பு முறிவு ஏதும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கவனக்குறைவாக வாகனம் ஓட்டுதல்), 125(அ) (கவனக்குறைவான செயலால் காயம் ஏற்படுத்துதல்) ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகி, 2025 தொடக்கத்தில் நடுவர் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. "ஒத்துக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும், ஃபைன் கட்டிவிட்டுப் போகலாம்" என்று நீதிமன்ற வளாகத்தில் ஒரு காவலர் சொன்னதை நம்பி, வழக்கறிஞர் எவரும் இல்லாமலே அவன் ஒப்புக்கொண்டான். முதல் பிரிவுக்கு 1000 ரூபாயும் இரண்டாம் பிரிவுக்கு 500 ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டு, அன்று மாலையே கட்டப்பட்டது.

இப்போது அவன் அரசுப் பணிக்கான தேர்வில் தேறியிருக்கிறான். சரிபார்ப்புப் படிவத்தில், குற்றவியல் வழக்கில் எப்போதேனும் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. பெரியவர் திடீரெனச் சாலைக்குள் இறங்கினார் என்றும், தான் வேகமாகச் செல்லவில்லை என்றும் அவன் தொடக்கம் முதல் சொல்லி வருகிறான். ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீடே கிடையாது என்று ஒருவரும், தாராளமாகச் செய்யலாம் என்று இன்னொருவரும் சொல்வதால் குழப்பமாக இருக்கிறது. விவரம் அறிந்தோர் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

சட்டமுகில்

நண்பரே, இருவர் சொன்னதும் பாதி உண்மை.

ஒருவர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலின் பேரில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டால், அவருக்கு மேல்முறையீட்டு உரிமை இல்லை என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு சொல்லியது. 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே விதி 416ஆம் பிரிவாக அமைந்திருக்கிறது. ஆனால் அந்தத் தடைக்குள்ளேயே ஒரு விலக்கு உண்டு. தண்டனை விதித்தது உயர் நீதிமன்றமாக இல்லாமல் அமர்வு நீதிமன்றமாகவோ நடுவர் நீதிமன்றமாகவோ இருந்தால், தண்டனையின் அளவைக் குறித்தோ அதன் சட்டப்பூர்வத் தன்மையைக் குறித்தோ மேல்முறையீடு செய்யலாம். அதாவது, "நான் குற்றவாளி அல்லன்" என்று மேல்முறையீட்டில் சொல்ல முடியாது. "இந்தத் தண்டனை மிகை" என்றோ "இந்தத் தண்டனை சட்டத்துக்கு ஒவ்வாதது" என்றோ சொல்லலாம்.

இதற்கு அடுத்து 417ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. முதல் வகுப்பு நடுவர் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்திருந்தாலும், சுருக்க விசாரணையில் 200 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்திருந்தாலும் மேல்முறையீடே இல்லை. தங்கள் தம்பிக்கு விதிக்கப்பட்ட தொகை அந்த வரம்பைக் கடந்துவிட்டதால் அந்தக் கதவு மூடவில்லை.

இத்தனையும் ஒப்புதல் உண்மையான ஒப்புதலாக இருக்கும் வரைதான் பொருந்தும். குற்றச்சாட்டு என்னவென்று புரியாமலோ, வாக்குறுதி ஒன்றை நம்பியோ, மிரட்டலுக்கு அஞ்சியோ சொல்லப்பட்டது சட்டத்தின் பார்வையில் ஒப்புதலே அன்று. ஆகவே 416ஆம் பிரிவின் தடையும் அங்கே எழாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன. எனவே தாங்கள் முதலில் செய்ய வேண்டியது, நீதிமன்றத்தில் விண்ணப்பித்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும், குற்றச்சாட்டை விளக்கிக் கேள்வி கேட்டு விடை பதிவு செய்த தாளின் சான்றிட்ட நகலையும் பெறுவது. அந்தத் தாளைப் பார்க்காமல் இந்த வழக்கைப் பற்றி எவர் சொல்லும் கருத்தும், என் கருத்து உட்பட, அனுமானமே.

மெய்ப்பொருள்

ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். வழக்கை நடத்தியிருந்தால் தம்பி பலமுறை வாய்தாவுக்கு அலைந்திருக்க வேண்டும், சாட்சிகள் வந்திருப்பார்கள், ஒருவேளை சிறைத்தண்டனையும் கிடைத்திருக்கலாம். ஒப்புக்கொண்டதால் 1500 ரூபாயோடு முடிந்தது. அந்தச் சலுகையை அனுபவித்துவிட்டு, வேலைக்குத் தடை என்று தெரிந்ததும் "புரியாமல் சொல்லிவிட்டேன்" என்பது நியாயமாகுமா? அடிபட்ட பெரியவரின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டுமல்லவா? விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவர் கோரிக்கை மனு போட்டிருந்தால், ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பதிவே கவனக்குறைவுக்கு அவர் காட்டும் முக்கியச் சாட்சியமாக இருக்கும். தீர்ப்பாயம் அதை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை என்றாலும், அதை நீக்கக் கேட்பது அவரையும் பாதிக்கும்.

பழைய பெஞ்ச் கிளார்க்

நடுவர் நீதிமன்றங்களில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில சொற்கள். மெய்ப்பொருள் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பதை அருகிலிருந்து பார்க்காதவர்களுக்கு ஒப்புதல் என்பது பெரிய சடங்குபோலத் தோன்றும். திங்கட்கிழமை காலையில் பெட்டி கேஸ்கள் குவிந்திருக்கும். பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்ததாக நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வந்தவர், சீட்டாடியதாக வந்தவர், தலைக்கவசம் இல்லாமல் வந்தவர் என்று வரிசை நீளும். பெயரைக் கூப்பிடுவோம், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்கப்படும்; "ஒத்துக்கிறேன் ஐயா" என்பார்; தொகை சொல்லப்படும். ஒருவருக்குச் செலவாகும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அதிகம். இதில் நடுவரைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு கோப்புகளையும் முழு விசாரணைக்கு எடுத்தால் அந்த நீதிமன்றத்தில் வேறு எந்த வழக்கும் நடக்காது.

சிக்கல் என்னவென்றால், இதே வேகத்தில் விபத்து வழக்குகளும் அடிதடி வழக்குகளும் சில இடங்களில் கடந்து போய்விடுகின்றன. முன்கூட்டியே அச்சிட்ட படிவத்தில் பெயரையும் பிரிவையும் மட்டும் நிரப்பிக் கையொப்பம் வாங்கும் வழக்கத்தை நான் கண்டதுண்டு. பொருநைக்கரையான் நகல் வாங்கும்போது அந்தத் தாள் அச்சுப்படிவமா, கையால் எழுதப்பட்டதா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள்.

சட்டமுகில்

கிளார்க் ஐயா சொன்ன அச்சுப்படிவம் சிறு விஷயம் அன்று. தம்பியின் வழக்கைப் போன்ற அழைப்பாணை வழக்குகளில் ஒப்புதலை எவ்வாறு பதிவு செய்ய வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 275ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 252ஆம் பிரிவு, தெளிவாகச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் பயன்படுத்திய சொற்களிலேயே, இயன்ற அளவு நெருக்கமாக, நடுவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகும் தண்டிப்பது அவருடைய விருப்புரிமையே ஒழியக் கட்டாயம் அன்று.

இந்த விதியைப் பற்றிய முக்கியமான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம் சென்னையிலிருந்து போன வழக்கில்தான் பிறந்தது. மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் சென்னை மாநிலம் என்னும் அந்த வழக்கின் தீர்ப்பு அகில இந்தியத் தீர்ப்புத் திரட்டின் 1966ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியானது. கஞ்சா வைத்திருந்ததாக மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த குற்றச்சாட்டு அது. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன சொற்களைப் பதிவு செய்யாமல் ஒப்புக்கொண்டார் என்று மட்டும் குறித்துத் தண்டித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அன்றைய சட்டத்தில் 243ஆம் பிரிவாக இருந்த அந்த விதி கட்டாயமானது என்றும், அதை மீறினால் விசாரணையே பழுதாகும் என்றும் கூறியது. சொற்களைப் பதிய வேண்டும் என்பதற்குக் காரணம், மேலே இருக்கும் நீதிமன்றம் அந்தத் தாளைப் படித்து, இந்த மனிதர் உண்மையிலேயே குற்றத்தைத்தான் ஒப்புக்கொண்டாரா என்று தானே முடிவு செய்ய இயல வேண்டும் என்பதே. "வண்டி மோதியது உண்மைதான் ஐயா" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டது விபத்தை, கவனக்குறைவை அன்று. 281ஆம் பிரிவில் குற்றத்தின் உயிரே கவனக்குறைவில்தான் இருக்கிறது.

மெய்ப்பொருள் ஐயாவின் கேள்விக்கு என் விடை: குற்றம் செய்தவர் தப்பிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஒப்புதல் செல்லாது என்று முடிவானால், பெரும்பாலும் கிடைப்பது விடுதலை அன்று, மறுவிசாரணை. அப்போது பெரியவரும் சாட்சி சொல்லலாம், தம்பியும் தன் தரப்பைச் சொல்லலாம். மறுவிசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் முன்பு கிடைத்த 1500 ரூபாய்ச் சலுகை மீண்டும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 125(அ) பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அந்த அபாயத்தைத் தம்பி தெரிந்தே ஏற்க வேண்டும்.

செண்பகம்

வணக்கம். இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அத்தை மகன் லாரி ஓட்டுநர். ஓர் உயிரிழப்பு விபத்தில், அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று சொல்லப்பட்டதை நம்பி ஒப்புக்கொண்டார். ஆனால் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு இப்போது உள்ளே இருக்கிறார். அவருக்கும் இதே விதிதானா? மேலும், "பிளீ பார்கெயினிங்" என்று செய்திகளில் படிக்கிறோமே, அவருக்கு நடந்தது அதுதானா?

சட்டமுகில்

அம்மா, இரண்டும் வேறு வேறு. தாங்கள் கேட்கும் பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் முறை 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் கொண்டுவரப்பட்டு, 2006 ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; அவர் தானாகவே விண்ணப்பித்தாரா என்று நீதிமன்றம் மற்றவர்களை வெளியே இருத்தி அவரைத் தனியே விசாரிக்க வேண்டும்; பாதிக்கப்பட்டோரும் கலந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கும் அது பொருந்தாது. அந்த முறையில் வரும் தீர்ப்பு இறுதியானது. அரசமைப்பின் 136ஆம் உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்தையோ 226, 227ஆம் உறுப்புகளின் கீழ் உயர் நீதிமன்றத்தையோதான் அணுக முடியும். இன்று அது சன்ஹிதாவின் 295ஆம் பிரிவு.

தங்கள் உறவினருக்கு நடந்தது அந்த முறை அன்று. யாரோ வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதி. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. இதை ஒட்டி 1983இல் வெளியான திப்பசாமி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் தீர்ப்பு இருக்கிறது. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய வழக்கில், ஒப்புக்கொண்டதன் பேரில் விசாரணை நீதிமன்றம் இலேசான தண்டனையோடு விட்டது. மேலே இருந்த நீதிமன்றமோ அதைச் சிறைத்தண்டனையாக உயர்த்தியது. இலேசான தண்டனை என்று ஆசைகாட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுப் பிறகு தண்டனையைக் கூட்டுவது, அரசமைப்பின் 21ஆம் உறுப்பு கேட்கும் நியாயமான நடைமுறை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தண்டனை போதாது என்று கருதினால், ஒப்புதலின் பேரிலான தீர்ப்பை நீக்கி, அவர் தம்மைக் காத்துக்கொள்ள வாய்ப்பளித்து விசாரணைக்குத் திருப்பி அனுப்புவதே முறை என்பது அதன் சாரம்.

உள்ளே இருப்பவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருப்பதால், தீர்ப்பின் நகலை உடனடியாகவும் இலவசமாகவும் தர வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பவும் 424ஆம் பிரிவு இடம் தருகிறது. தண்டனையை நிறுத்தி வைத்துப் பிணை கேட்பதற்கு 430ஆம் பிரிவு. காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உரிமை தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் அநேகமாக நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், நாளைக்கே செல்லுங்கள். மேல்முறையீட்டுக்கு அமர்வு நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 60 நாள் கெடு.

இன்னொன்று. விசாரணையின்போது அவருக்கு வழக்கறிஞர் இருந்தாரா? இல்லையெனில், இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்பதையாவது அவரிடம் சொன்னார்களா? 1986இல் சுக் தாஸ் வழக்கில், வசதியற்றவர் கேட்கவில்லை என்பதற்காகச் சட்ட உதவி தராமல் நடத்திய விசாரணை பழுதானது என்று கூறி உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது.

வேம்படியார்

நான் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றியவன். இதுவரை எவரும் 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றிப் பேசாதது எனக்கு வியப்பாக இல்லை. நீதிமன்றங்களிலேயே அதை அரிதாகத்தான் நினைவுகூர்கிறார்கள்.

பொருநைக்கரையானின் தம்பிக்கு என் பார்வையில் இதுவே நேரான வழி. முன்பு தண்டனை பெற்றிராத ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றம் செய்திருந்தால், தண்டனை எதுவும் விதிக்காமல் கண்டித்து விடுவிக்க 3ஆம் பிரிவு இடம் தருகிறது. 281உம் 125(அ)வும் ஆறு மாதத்துக்கு உட்பட்டவை. 4ஆம் பிரிவு நன்னடத்தைப் பிணையில் விடுவிப்பதற்கு உரியது. இவ்விரு பிரிவுகளில் ஒன்றின்கீழ் விடப்பட்டவருக்கு, தண்டனைத் தீர்ப்போடு ஒட்டிவரும் தகுதியிழப்பு எதுவும் நேராது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. நடுவர் அப்போது இதைச் செய்யவில்லையே என்றால், 11ஆம் பிரிவைப் படியுங்கள்: மேல்முறையீட்டிலோ சீராய்விலோ (கீழ் நீதிமன்ற ஆணை சரியானதா என்று மேல் நீதிமன்றம் பார்ப்பது) வழக்கு வரும்போது அந்த நீதிமன்றமும் இந்த ஆணையைப் பிறப்பிக்கலாம்.

இதைச் சட்டமுகில் ஐயா சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையின் அளவையும் சட்டப்பூர்வத் தன்மையையும் குறித்து மேல்முறையீடு உண்டு. நன்னடத்தைச் சட்டத்தைப் பயன்படுத்தத்தக்க வழக்கில் அதைப் பயன்படுத்தாவிட்டால் தீர்ப்பில் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்று சன்ஹிதாவின் 402ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஒரு நிமிடத்தில் முடிந்த வழக்கின் தீர்ப்பில் அந்தக் காரணங்கள் இருக்குமா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். குற்றத்தை மறுக்காமலே, சாட்சிகளை மீண்டும் இழுக்காமலே, பெரியவரின் இழப்பீட்டுக் கோரிக்கையையும் கெடுக்காமலே செல்லக்கூடிய பாதை இது.

மெய்ப்பொருள்

வேம்படியார் ஐயா, கவனக்குறைவாக வண்டி ஓட்டிய வழக்குகளில் நன்னடத்தைச் சலுகை கூடாது என்று 2000ஆம் ஆண்டில் தல்பீர் சிங் எதிர் ஹரியானா மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறதே? சாலை விபத்துகள் பெருகும் நாட்டில் ஓட்டுநர்களுக்கு அச்சம் இருக்க வேண்டும் என்பது அதன் காரணம்.

மேலும், அரசுத் துறை ஒன்றின் பணியமைப்புப் பிரிவில் இருப்பவன் என்பதால் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். 12ஆம் பிரிவைப் பற்றிப் பலர் மிகையாக நம்புகிறார்கள். அது தகுதியிழப்பைத்தான் நீக்கும். குற்றவாளி என்ற முடிவை அழிக்காது. 1975இல் செல்லப்பன் வழக்கிலும் 1990இல் பக்ஷி ராம் வழக்கிலும், நன்னடத்தையில் விடப்பட்டவர் மீதும் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றே உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே படிவத்தில் "இல்லை" என்று எழுதும் உரிமையை அந்தப் பிரிவு எவருக்கும் தருவதில்லை.

வேம்படியார்

தாங்கள் சொல்லும் தல்பீர் சிங் வழக்கு உயிரிழப்பு ஏற்பட்ட வழக்கு. செண்பகம் அம்மாவின் உறவினருக்கு அது தடையாக நிற்கும். நெற்றியில் தையலோடு முடிந்த காயத்துக்கு அதே கண்டிப்பை நீட்டுவது கட்டாயமன்று. படிவத்தைப் பற்றித் தாங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.

பொருநைக்கரையான்

மெய்ப்பொருள் ஐயா, படிவத்தில் உண்மையை எழுதினால் வேலை போய்விடுமா? உறவினர்கள் பலரும் மறைத்துவிடச் சொல்கிறார்கள். இத்தனை சிறிய வழக்கை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள் என்கிறார்கள்.

மெய்ப்பொருள்

தேடிப் பார்ப்பார்கள். சரிபார்ப்புப் படிவம் காவல் நிலையத்துக்குச் செல்லும். வழக்குப் பதிவான நிலையத்தின் ஏடு எங்கும் போய்விடாது. மறைத்தது தெரியவந்தால் குற்றத்தின் அளவைக் காட்டிலும் மறைத்ததே பெரிய காரணமாகிவிடும். 2016இல் அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இதை விரிவாக வகுத்துத் தந்திருக்கிறது. விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். சிறு குற்றத்தில் தண்டனை பெற்றதை மறைத்திருந்தால்கூட, அதன் தன்மையைப் பார்த்து நியமன அதிகாரி மன்னிக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டவரையும் கண்ணை மூடிக்கொண்டு நியமித்தாக வேண்டும் என்பதில்லை, முன்வரலாற்றைப் பரிசீலிக்கலாம். சீருடைப் பணி என்றால் அளவுகோல் மேலும் இறுகும். தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில், ஐயத்தின் பலனைத் தந்து விடுவிக்கப்பட்டவரைக்கூட வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகிறார்கள். தம்பி தேர்வாகியிருப்பது எழுத்தர் போன்ற அமைச்சுப் பணி என்றால், வாகன விபத்தில் 1500 ரூபாய் அபராதம் என்பது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம் அன்று என்பதால், உண்மையை எழுதி விளக்கக் கடிதத்தை இணைப்பதே என் துறை அனுபவத்தில் பாதுகாப்பானது.

என் முதல் பதிவில் கடுமையாகப் பேசினேன். அந்தக் கருத்தை விட்டுவிடவில்லை. ஆனால் வேம்படியார் காட்டும் பாதையில் பெரியவருக்குத் தீங்கில்லை என்பதால் அதற்கு எனக்கு எதிர்ப்பில்லை.

செண்பகம்

சட்டப் பணிகள் அலுவலகத்தில் வழக்கறிஞர் ஒருவரை நியமித்துத் தந்தார்கள். தண்டனை நிறுத்தி வைப்பு மனுவும் சேர்த்துத் தாக்கல் ஆகிவிட்டது. வழிகாட்டியவர்களுக்கு நன்றி. அடிபட்டவரோடு சமரசம் செய்துகொண்டால் வழக்கே முடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார்; எங்களுக்கு அது பொருந்தாது என்று வழக்கறிஞர் கூறிவிட்டார். பொருநைக்கரையான் அண்ணனுக்குப் பொருந்துமோ?

சட்டமுகில்

பாதிதான் பொருந்தும். 125(அ) சமரசத்துக்கு உரிய குற்றம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசம் செய்யலாம், அதன் விளைவு விடுதலையே. 281 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அந்த 1000 ரூபாய்த் தண்டனை அப்படியே நிற்கும்.

பொருநைக்கரையான்

நகல்கள் கிடைத்துவிட்டன. கிளார்க் ஐயா சொன்னது சரி: அது அச்சுப்படிவம். பெயர், குற்ற எண், பிரிவுகள் மட்டும் பேனாவால் நிரப்பப்பட்டிருக்கின்றன. "குற்றச்சாட்டு விளக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்" என்பது அச்சிலேயே இருக்கிறது, கீழே தம்பியின் கையொப்பம். அவன் என்ன சொன்னான் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. தீர்ப்பு நான்கே வரிகள். நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றி எதுவும் இல்லை. 30 நாள் எப்போதோ கடந்துவிட்டது.

சட்டமுகில்

அப்படியென்றால் இரண்டு வாதங்களும் தங்களிடம் இருக்கின்றன. ஒப்புதலின் பதிவு 275ஆம் பிரிவுக்கு மாறானது. தண்டனையோ 402ஆம் பிரிவுக்கு மாறானது. அமர்வு நீதிமன்றத்தில் ஒரே மேல்முறையீடாக இரண்டையும் எழுப்பலாம் என்பது என் கருத்து. முதல் கோரிக்கையாக, சட்டப்படியான ஒப்புதலே இல்லாததால் தீர்ப்பை நீக்க வேண்டும் என்று கேளுங்கள். அது ஏற்கப்படாவிட்டால், மாற்றுக் கோரிக்கையாக, அபராதத்தை நீக்கி நன்னடத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் கண்டித்து விடுவிக்குமாறு கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தாக்கல் செய்யும் இத்தகைய மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை என்பது கூடுதல் பாதுகாப்பு.

பழைய பெஞ்ச் கிளார்க்

சட்டமுகில் ஐயாவோடு இங்கே மாறுபடுகிறேன். எண்ணிடும் நிலையிலேயே, அதாவது வழக்கு எண் கொடுக்கும் முன்பே, மனுவைத் திருப்பிவிடுவார்கள். "ஒப்புதலின் பேரில் தண்டனை; 416ஆம் பிரிவின்படி ஏற்புத்தன்மை எவ்வாறு?" என்று எழுதித் திருப்பிய மனுக்களை நானே பார்த்திருக்கிறேன். குற்றவாளி என்ற முடிவை எதிர்ப்பதென்றால் 438ஆம் பிரிவில் சீராய்வு மனு போடுவதே சிக்கலற்றது. மேல்முறையீடு இல்லாத இடத்தில்தான் சீராய்வு என்பது விதி. இங்கே அந்த முடிவின் மீது மேல்முறையீடு இல்லை, ஆகவே சீராய்வுக்குத் தடையும் இல்லை. கெடுவும் 90 நாள்.

சட்டமுகில்

திருப்பினால் விளக்கம் எழுதி மீண்டும் தாக்கல் செய்யலாம். மாற்றுக் கோரிக்கை தண்டனையைக் குறித்தது என்பதால் ஏற்புத்தன்மை இல்லை என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. சீராய்வில் எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. அங்கே தண்டனையைக் கூட்டவும் அதிகாரம் உண்டு. அறிவிப்புக் கொடுத்துக் கேட்ட பிறகே கூட்ட முடியும் என்பதும், திப்பசாமி தீர்ப்பு துணைக்கு இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆயினும் அரசு வேலையை எதிர்பார்த்து நிற்கும் இளைஞனை அந்த வாசலில் நிறுத்த நான் விரும்ப மாட்டேன். ஒருவேளை தாங்கள் சொல்வதுபோல் சீராய்வாகப் போட்டு, மேல்முறையீடே முறை என்று பிறகு தெரியவந்தால், அதையே மேல்முறையீடாகக் கருத 442ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு இடம் தருகிறது. ஆகவே எந்த வழியில் சென்றாலும் முற்றிலும் இழப்பதற்கில்லை. இறுதி முடிவைக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் உள்ளூர் வழக்கறிஞர் எடுக்கட்டும்.

இரண்டில் எதுவானாலும் தாமத மன்னிப்பு மனு தேவை. காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் அதைப் போட வேண்டும். நகலுக்கு விண்ணப்பித்ததிலிருந்து கிடைத்தது வரையிலான காலம் 12ஆம் பிரிவின்படி கழியும். பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியவர் தம்பி, நீங்கள் அல்ல. வளாகத்தில் காவலர் சொன்னதை, அவர் யாரென்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதி, நடந்தபடி மட்டும் குறிப்பிடச் சொல்லுங்கள். வேலை கிடைத்த பிறகுதான் விளைவு தெரிந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அரசு வழக்கறிஞர் முதலில் கேட்கப் போகும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பொருநைக்கரையான்

மிக்க நன்றி. படிவத்தில் "ஆம்" என்று எழுதி, தீர்ப்பின் நகலை இணைத்துத் தம்பி நேற்று அனுப்பிவிட்டான். மேல்முறையீடாகவே தாக்கல் செய்வது என்று எங்கள் ஊர் வழக்கறிஞர் முடிவு செய்திருக்கிறார். தாமத மன்னிப்பு மனுவுக்கான பிரமாணப் பத்திரம் தயாராகிறது. எண்ணிடும் நிலையில் திருப்பினால் என்ன எழுதித் திருப்பினார்கள் என்பதை இங்கே பதிகிறேன்.